பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு: ஆடி மாத மண்டப ஒலிப்பதிவை என்ன செய்வது?

ஆடி மாதம் திருநெல்வேலியில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். முகூர்த்தம் கிடையாது, ஆகவே பேரம் பேசினால் வாடகை நன்றாக இறங்கும். எங்களைப் போல டெத் மெட்டல் (உறுமல் குரலும் இடி மாதிரி கிட்டாரும் டிரம்ஸுமாக வருகிற ராக் வகை) வாசிக்கிற நாலு பேருக்கு இந்த ஊரில் மேடை என்று ஒன்று கிடைப்பது அந்த ஒரு மாதத்தில்தான். போன ஆடியில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தைப் பிடித்து ஆறு பாட்டு வாசித்தோம். வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கும். அதில் பாதி சொந்தக்காரர்கள், வேறு வழியில்லாமல் வந்தவர்கள்.

அந்த ராத்திரியின் பதிவு கையில் இருக்கிறது, 27 நிமிடம். அதே ராத்திரியில் இருந்து பிறந்த இன்னொன்றும் இருக்கிறது: 25 நிமிட ஆம்பியன்ட் இசை, அதாவது தாளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாமல் பின்னணியில் பரவி நிற்கிற வகை. ஒன்று இடி, மற்றது இடி ஓய்ந்த பிறகு காதில் நிற்கிற ரீங்காரம். இரண்டையும் சேர்த்து வெளியிடுவது என்பதில் நாலு பேருக்கும் ஒரே கருத்து. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் ஐப்பசி முடிந்து கார்த்திகை வந்தும் சண்டை ஓயவில்லை.

மூன்று வழி இருந்தது. பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஆம்பியன்டைக் கோர்த்து ஒரே ஓட்டமாக விடுவது முதல் வழி. எங்கள் டிரம்மரின் கட்சி. இரண்டையும் தனித்தனி வெளியீடாக, சில மாத இடைவெளியில் விடுவது இரண்டாவது. பாஸ் கிட்டார் வாசிக்கிறவர் கட்சி. ஒரே கேசட்டில் பக்கத்துக்கு ஒன்றாகப் போடுவது மூன்றாவது. அது என் கட்சி, ஆகவே நான் எழுதுவதில் சாய்வு இருக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாலாவது ஆள், லீட் கிட்டார், கடைசி வரை எந்தப் பக்கமும் சேராமல் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் இந்த ஆம்பியன்ட் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவே அதில்தான் தொங்குகிறது.

அன்றைக்கு இரண்டாவது பாட்டில் கரண்டு போய்விட்டது. மண்டபத்து ஜெனரேட்டரைப் போட்டு மீதியை வாசித்தோம். ஆம்ப்ளிஃபயர்களில் ஒரே ரீங்காரம். ரேடியோ செட் அண்ணாச்சி (எங்கள் பக்கம் மைக் செட்டை அப்படித்தான் சொல்லுவோம்) என்னென்னவோ திருகிப் பார்த்தார், அது போகவில்லை. போதாததற்கு, கோயில் கொடையில் (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) வில்லுப்பாட்டுக்கு வைக்கிற எக்கோவை எங்கள் உறுமல் குரலுக்கும் வைத்துவிட்டார். இடையில் வந்து, "இதுல வார்த்தை ஏதும் உண்டா தம்பி, இல்ல சத்தம் மட்டுந்தானா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்பம் சரி" என்று எக்கோவை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

எல்லாம் முடிந்த பிறகு ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கூடுதலாக முக்கால் மணி நேரம் பதிந்திருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம், யாரோ செருப்பைத் தேடுகிறது, ஃபேன், ஜெனரேட்டர். அதற்கு முன்னால், கடைசிப் பாட்டு முடிந்த கணத்தில், டிரம்ஸின் பித்தளைத் தட்டான சிம்பலின் அதிர்வும் கிட்டாரின் ஊளையான ஃபீட்பேக்கும் ரீங்காரமும் சேர்ந்து கரைகிற 10 விநாடி.

அந்த 10 விநாடியைத்தான் எடுத்துக்கொண்டோம். பால்ஸ்ட்ரெட்ச் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. சத்தத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும். அலைகள் ஒன்றோடொன்று எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்ற ஒழுங்கைக் கலைத்துவிட்டு, துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி நீட்டும். அப்படிச் செய்தால் அடி என்று ஒன்று இருக்காது. சிம்பல் அடித்த அந்த 'ஜங்' காணாமல் போய், அதன் நிறம் மட்டும் மிஞ்சும். 150 மடங்கு நீட்டினோம். 10 விநாடி 25 நிமிடம் ஆனது.

கேட்டபோது இன்னொன்று தெரிந்தது. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஆம்ப்ளிஃபயர் ரீங்காரம் பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 100-இல் வரும். நாகஸ்வரக்காரரிடம் சொன்னால் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே என்பார். எங்கள் கிட்டாரின் கனத்த தந்தியை ஏழு கட்டைக்கு இறக்கி வைத்திருக்கிறோம். ரீங்காரத்தை ஸட்ஜமாக வைத்தால் எங்கள் தந்தி அந்தர காந்தாரத்துக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நிற்கிறது. அந்த மயிரிழைதான் 25 நிமிடமும் காதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜெனரேட்டர் வேறு 50-இல் ஒழுங்காக நிற்காமல் லேசாக ஆடுகிறது, அதனால் ஆதாரச் சுருதியே மெல்ல மூச்சு விடுவது போல ஏறி இறங்குகிறது. யாரும் உட்கார்ந்து இசையமைத்து இப்படி ஒன்றைக் கொண்டுவர முடியாது.

இதற்கு முன்னால் வேறு யோசனைகளும் இருந்தன. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் ஒலியைப் பதிந்து போடலாம், குறுக்குத்துறையில் தாமிரபரணிச் சத்தத்தைப் பிடிக்கலாம், கயத்தாறு பக்கம் போய்க் காற்றாலை இறக்கை சுற்றுகிற ஓசையை எடுக்கலாம் என்றெல்லாம் பேசினோம். காற்றாலைக்கு ஒரு நாள் பைக்கில் போகவும் செய்தோம். பதிவு நன்றாகத்தான் வந்தது. ஆனால் மெட்டல் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருந்தது. ஊர்ப் பெருமைக்காக ஒட்டவைத்த சத்தம். அதற்கும் அந்த ராத்திரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஜெனரேட்டர் ரீங்காரத்துக்கு இருந்தது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இந்த மூன்றையும் ஒரே குழு அடுத்தடுத்து செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் டென்வர் நகரத்து பிளட் இன்கேன்டேஷன். அடிப்படையில் டெத் மெட்டல் குழு. 2022-இல் அவர்கள் 'டைம்வேவ் ஸீரோ' என்று ஒரு ஆல்பம் விட்டார்கள். அதில் மெட்டலே கிடையாது. 20 நிமிடம் அளவில் இரண்டே துண்டு, சின்தசைசர்தான் முக்கியம். 2023-இல் இரண்டு உருப்படி மட்டும் கொண்ட 'லூமினெசென்ட் பிரிட்ஜ்'. ஒரு பக்கம் மெட்டல், மறுபக்கம் சின்தசைசர் ஓட்டம். 2024-இல் 'ஆப்சல்யூட் எல்ஸ்வேர்'. இங்கே இரண்டும் ஒரே பாட்டுக்குள் கலந்துவிட்டன. பெர்லினில் ஹான்சா ஸ்டுடியோவில் பதிந்தது அது, டேன்ஜரின் ட்ரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் வந்து வாசித்திருக்கிறார். தனியாக, பக்கம் பக்கமாக, கலந்து என்று மூன்று வழியும் அங்கே உண்டு.

எங்கள் டிரம்மர் அந்தக் கலந்த ஆல்பத்தைத்தான் கொடிபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். "கலந்ததுதான் மாப்ள அவங்க பண்ணினதுலயே பெருசு. நாமளும் கலப்போம்" என்பது வாதம். எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்கும். ஆனால் அது கலப்பதற்காகவே எழுதி, ஸ்டுடியோவில் பதிந்தது. பாட்டு எங்கே இளகும், எங்கே இறுகும் என்று முன்கூட்டியே திட்டம் போட்ட வேலை. எங்களுடையது நேரடிப் பதிவு. நேரடிப் பதிவுக்கு என்று ஒரு வெளி இருக்கிறது: பாட்டு முடிந்ததும் நாலு பேர் விசில், ஒரு குழந்தை அழுகை, சுருதி பார்க்கிற 'டொய்ங்', அண்ணாச்சியின் "ஹலோ மைக் டெஸ்ட்". அந்த இடத்தில் ஆம்பியன்டைச் செருகினால் நாற்பது பேரும் திடீரென்று மண்டபத்தை விட்டு மாயமாகி, நாலு நிமிடம் கழித்து மறுபடி அதே நாற்காலியில் முளைக்கிறார்கள். ஒருமுறை வெட்டி ஒட்டிக் கேட்டோம். ஏழாவது நிமிடத்தில் எனக்கே இது எந்த இடம் என்று குழம்பிவிட்டது.

இரண்டாவது சிக்கல் சத்தத்தின் அளவு. எங்கள் பாட்டு சுவரை இடிக்கிற சத்தம், ஆம்பியன்ட் முணுமுணுப்பு. ஒன்றாகக் கோர்த்தால், ஜங்ஷனில் இருந்து பஸ்ஸில் இயர்போனோடு போகிறவர் முணுமுணுப்பு கேட்கவில்லை என்று ஒலியை ஏற்றுவார். அடுத்த பாட்டு வந்து காதில் அறையும். இதற்குப் பயந்து ஆம்பியன்டைத் தூக்கினால் அது ஆம்பியன்டாக இருக்காது. 1978-இல் பிரையன் ஈனோ விமான நிலையத்துக்கு என்று ஒரு ஆல்பம் போட்டு இந்த வகைக்குப் பெயர் வைத்தபோது சொன்ன அடிப்படையே, கவனித்தாலும் கவனிக்காமல் விட்டாலும் அது அறையில் இருக்க வேண்டும் என்பதுதான். அடுத்த அடி எப்போது விழும் என்று பயந்துகொண்டே கேட்பவரால் எதையும் கவனிக்காமல் விட முடியாது.

டிரம்மர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடைசியில் சுடலைமாடனைக் கூப்பிட்டுவிட்டார்.

நாங்குநேரிப் பக்கம் எங்கள் அம்மா ஊர்க் கொடை நாங்கள் இருவரும் சின்ன வயசில் இருந்து பார்ப்பது. சாமக்கொடையில் கணியான் கூத்து. அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், பாடுவார், பின்னால் மகுடம் என்கிற தோல் கொட்டு இரண்டு: ஒன்று உச்சம், மற்றது மந்தம். தோல் இளகிப் போனால் தீயில் காட்டி இறுக்கிக்கொள்வார்கள். சாமியாடி இறங்குகிற நேரம் இரண்டு மகுடமும் சேர்ந்து ஏறுகிற வேகம் இருக்கிறதே, அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு டிரம்ஸில் பிளாஸ்ட் பீட் என்கிற அதிவேக அடி புதுசே இல்லை. அப்புறம் சாமி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும். எங்கள் ஊரில் அந்த நேரம் கொட்டு நின்றுவிடும், விளக்கை அணைத்துவிடுவார்கள், ஒருவரும் பேசக் கூடாது. பனை ஓலை காற்றில் உரசுகிற சத்தம் மட்டும் இருக்கும். சாமி திரும்பி வந்த பிறகுதான் மறுபடி மகுடம்.

"சத்தம், அமைதி, சத்தம். நம்ம ஊர் வழக்கமே இதுதான, கலந்தா என்ன தப்பு?" என்றார்.

ஒரு வாரம் என்னிடம் பதில் இல்லை. நல்ல வாதம் அது. அப்புறம்தான் உறைத்தது: ராத்திரி முழுக்க நடக்கிற கொடையில் அந்த அமைதி ஒரே ஒரு முறைதான். பாட்டுக்குப் பாட்டு நடுவில் சாமி வேட்டைக்குப் போவதில்லை. தவிர, அந்த நேரத்தில் கூட்டம் எங்கும் போகாது. அதே இருட்டில், அதே தரையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கும். கொட்டு நின்ற பிறகும் காதுக்குள் மகுடம் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு பாட்டு கேட்டுக் களைத்த காதுக்குத்தான் எங்கள் 25 நிமிடமும் பொருள்படும். ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு நிமிடம் என்று அறுத்துக் கொடுத்தால் அது கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அடுத்து, பாஸ்காரரின் தனித்தனி வெளியீடு. இது புத்திசாலித்தனமான வழி, அதை மறுக்க மாட்டேன். மெட்டல் கேட்பவர்களில் பாதிப்பேர் ஆம்பியன்டைத் தொடமாட்டார்கள். ஆம்பியன்ட் கேட்கிறவர்கள் உறுமல் வந்த அடுத்த நொடி ஓடிவிடுவார்கள். தனியாக விட்டால் இரண்டு கூட்டத்துக்கும் தொந்தரவு இல்லை. ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழு 2002-இல் கனமான 'டெலிவரன்ஸ்' ஆல்பத்தையும் மென்மையான 'டாம்னேஷன்' ஆல்பத்தையும் ஒரே காலத்தில் பதிந்தது. கனமானது அந்த ஆண்டு நவம்பரிலும் மென்மையானது அடுத்த ஆண்டு ஏப்ரலிலும் வந்தன. அந்த மென்மையான ஆல்பம் தன் காலிலேயே நிற்கிறது, அக்காவைத் தெரியாமலே தங்கையோடு பழகலாம்.

எங்களுடையதில் அப்படி முடியாது. நேரடிப் பதிவைக் கேட்காத ஒருவருக்கு எங்கள் ஆம்பியன்ட் வெறும் ரீங்காரம். அந்தச் சிம்பலை அடி விழுந்த இடத்தில் கேட்டவருக்குத்தான் அதன் நிழல் அடையாளம் தெரியும். ஆகவே உங்களிடம் இருக்கிற ஆம்பியன்ட் வேறு நாளில், வேறு கருவியில், தன்னளவில் முழுதாக உருவானது என்றால் யோசிக்காமல் தனியாக விடுங்கள். மெட்டல் பதிவின் வயிற்றில் பிறந்தது என்றால் பிரிக்காதீர்கள்.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்களுக்கு. அது நியாயமான கணக்குதான். ஆனால் பணம் பேபால் என்கிற இணையப் பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக வர வேண்டும், பேபாலோ 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. பெர்லினில் இருப்பவர் வாங்கலாம், வண்ணார்பேட்டையில் இருப்பவருக்குத்தான் சுற்றுவழி. இரண்டு வெளியீடு என்றால் இந்தத் தலைவலி இரண்டு முறை.

மிஞ்சியது கேசட். கிராமஃபோன் தட்டைப் பற்றி நாலு வரிக்கு மேல் பேசத் தேவையில்லை: பக்கத்துக்கு 20, 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கிச் செதுக்க வேண்டும், அதற்குச் சத்தத்தையும் கீழ்ஸ்தாயியையும் குறைக்க வேண்டும். கீழ்ஸ்தாயி இல்லாத டெத் மெட்டலை எதற்குக் கேட்பது? சிடியில் எல்லாம் அடங்கும், தெளிவும் அதிகம். ஆனால் அதில் திருப்புவதற்குப் பக்கம் கிடையாது.

அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். எங்கள் 27-உம் 25-உம் அளவெடுத்துத் தைத்தது போல உட்காருகின்றன. தரம் என்று பார்த்தால் கேசட் தோற்றுத்தான் போகும்: நாடாவின் இரைச்சலுக்கும் உச்ச சத்தத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 50 டெசிபெல்தான் இடம், சிடியில் அது 96. சிம்பலின் பளபளப்பு மங்கும். ஆனால் எங்கள் ஆம்பியன்டின் அடித்தளமே ரீங்காரம் என்பதால், நாடா இரைச்சல் அதோடு பங்காளி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மெட்டல் பக்கத்திலும் நாடாவைக் கொஞ்சம் மிதமிஞ்சி நிரப்பினால் கிட்டார் இன்னும் கனக்கிறது.

பக்கம் பிரிப்பது புதுசும் இல்லை. நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்' 1987-இல் வந்தது. அதன் இரண்டு பக்கமும் வெவ்வேறு கூட்டணி வாசித்தவை. இரண்டிலும் இருப்பவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். தட்டைத் திருப்பினால் ஏறக்குறைய வேறு குழு. அவ்வளவு வேகமாக டிரம்ஸ் அடித்த அந்த ஹாரிஸே பிற்பாடு 'லல்' என்ற பெயரில் அடியே இல்லாத இருண்ட ஆம்பியன்ட் இசை செய்தார் என்பதை எங்கள் டிரம்மரிடம் அடிக்கடி சொல்லி வெறுப்பேற்றுவது உண்டு.

எனக்குக் கேசட்டில் பிடித்தது முதல் பக்கத்தின் கடைசி மூன்று நிமிடம். பாட்டு 27-இல் முடிந்துவிடும். நாடா ஓடிக்கொண்டே இருக்கும். வெறும் 'ஸ்ஸ்ஸ்'. அப்புறம் 'டக்' என்று பொத்தான் தானாக மேலே வரும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும், அல்லது அப்படியே விட்டுவிடலாம். டிரம்மர் கேட்ட அந்த வேட்டை நேரம் இந்த மூன்று நிமிடத்தில் இருக்கிறது. நாம் ஒன்றும் செருக வேண்டாம். (தானாகவே பக்கம் மாற்றுகிற ஆட்டோ ரிவர்ஸ் டெக் வைத்திருப்பவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.) பாஸ்காரர், மூன்று நிமிடம் சும்மா விடுவது கேட்பவரை ஏமாற்றுவது என்றார். இன்னொரு பாட்டைப் போட்டு நிரப்பலாமாம். ஏழாவது பாட்டு வாசித்திருந்தால் பார்த்திருக்கலாம்.

எந்தப் பக்கம் முதலில் என்பதிலும் ஒரு சின்னத் தகராறு. கொடை, சாமியை அழைக்கிற குடியழைப்பில் அமைதியாகத்தான் தொடங்குகிறது, ஆம்பியன்டை முதலில் வைப்போம் என்று லீட் கிட்டார் முதல் முறையாக வாய் திறந்தார். நிழலை முன்னால் காட்டி ஆளைப் பின்னால் காட்டுவதா என்றேன். மறுபடி டீ வாங்கப் போய்விட்டார்.

ஆக, கேசட் என்று முடிவானது. ஐம்பது பிரதி. ஒற்றை டெக்கில் ஓடுகிற வேகத்திலேயே பதிய வேண்டும், அதாவது ஐம்பது மணி நேரம். டவுனில் முன்பு பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால் டிடிகே கேசட்டில் பதிந்து தருகிற கடைகள் இருந்தனவே, அந்தப் பொறுமை இப்போது எங்கள் வீட்டில் நடக்கிறது. டிரம்மரைச் சமாதானப்படுத்த அவர் கோர்த்த கலவையை டிஜிட்டலில் மட்டும் இலவசமாக விடுவதாக ஒப்புக்கொண்டோம். ஸ்ட்ரீமிங் தளங்களில் அதன் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களில் ஆல்பமாகக் கேட்டால் ஏற்ற இறக்கம் தங்கும். கலைத்துப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு துண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். முணுமுணுப்பும் இடியும் ஒரே உயரத்தில் நிற்கும். அவரே கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் பிரதியை ரேடியோ செட் அண்ணாச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடையில் இன்னும் ஒரு பழைய டெக் ஓடுகிறது. இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினார்.

"தம்பி, மொதப் பக்கம் நல்லா இருக்கு, எக்கோ சரியா வந்திருக்கு. ரெண்டாம் பக்கம் பாட்டே பதியல, கேட்டியளா? முழுக்க இரைச்சல்தான். அன்னைக்கு அந்த ஜெனரேட்டருக்கு எர்த்து ஒழுங்காக் குடுக்கல, அதான்."